மச்சான் இடுப்பு வலியில் இருக்கும்போது நான் சிரித்தது ஏன்

மதிப்பிற்குரிய மச்சான் பத்துமலை அவர்களுக்கு,

கோப்பெங்கிலிருந்து மாப்பிள்ளை சதாசிவம் பணிவோடு எழுதுவது. இங்கே நான், உங்கள் தங்கை குமுதா, மகள் ஷர்மினி எல்லோரும் சுகம். அடுத்து உங்கள் சுகத்தை விசாரிப்பதுதான் முறை. ஆனால் போன வாரம் போனில் அதை விசாரிக்கப் போய், குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு பிசகிப் படுத்திருக்கிறேன் என்று நீங்கள் சொல்ல, நான் வாய்விட்டுச் சிரிக்க, நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். ஆகவே இந்த முறை விசாரிக்காமல் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மச்சான், நான் சிரித்தது உங்களைப் பார்த்து அல்ல. ஈப்போவில் என் மூளைக்குள் கொஞ்சம் வேலை பார்த்துவிட்டார்கள். அதை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எங்கள் மகன் ரூபன் கல்யாண விருந்தில் மண்டபத்துக்காரர்கள் உங்கள் மேசையைக் கழிவறைக் கதவுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். முதல் தட்டு வருவதற்குள் எழுந்து உங்கள் ஊர் ஆயர் தாவாருக்கே போய்விட்ட நீங்கள், போன வாரப் போன் வரைக்கும் எங்கள் யாரோடும் பேசவில்லை. இப்போது ஷர்மினிக்குத் தை மாதம் கல்யாணம். முதல் வெற்றிலை தாய்மாமனுக்கு, அதுவும் தட்டோடு நேரில் போய்த்தான் வைக்க வேண்டும், நான்தான் வைக்க வேண்டும். குமுதா தெளிவாகச் சொல்லிவிட்டாள். "எங்கண்ணன் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வரலன்னா எம்புள்ள மணவறைக்கு வராது. நீங்களே போயி உக்காந்துக்குங்க."

நானும் போகாமல் இல்லை மச்சான். வெற்றிலை, பாக்கு, பழம், உங்களுக்கு வேட்டி எல்லாம் எடுத்துக்கொண்டு காரில் கிளம்புவேன். போத்தாவில் பேராக் ஆற்றுப் பாலம் வரும். அங்கே வந்ததும் கை தானாக சிக்னல் போட்டுவிடும். ஓரமாக நிறுத்தி, எண்ணெயில் பொரித்த வாழைப்பழம், பீசாங் கோரேங் வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். டயர் சரியில்லை என்பேன், மழை என்பேன். தட்டில் வெற்றிலை வாடிப்போவதும் குமுதா புது வெற்றிலை வாங்குவதுமாக இருந்தது. கடைசியில் ஷர்மினிதான், "அப்பா, இது ஒங்க மனசுல இருக்குற பழக்கம். இத மாத்த கிளாஸ் இருக்கு" என்று சொல்லி ஈப்போவில் என்.எல்.பி. வகுப்பில் சேர்த்துவிட்டாள். மனம், பேச்சு, பழக்கம் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கிறது, ஒரு முடிச்சை அவிழ்த்தால் மற்றதும் அவிழும் என்பது அவர்கள் கணக்கு.

வகுப்பு நடத்துகிறவர் சுகுமாரன் என்று ஒரு தம்பி, கோட்டெல்லாம் போட்டிருந்தார். நான் பாலத்திலிருந்து திரும்பி வருவதைச் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "ஐயா, இது கோளாறு இல்ல, தெறம. ஒவ்வொரு தடவையும் தப்பாம செய்றீங்க இல்ல? எப்பிடித் திரும்பணும்னு எங்களுக்கும் சொல்லிக் குடுங்க" என்றார். பீடோரிலிருந்து வந்த இன்சூரன்ஸ் அக்கா ஒருத்தர் பேனாவைத் திறந்துகொண்டார். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"மொதல்ல என்ன தெரியுது?"

"மச்சான் மொகம்."

"எவ்ளோ பெருசு?"

"கார் கண்ணாடி முழுக்க."

"அப்புறம்?"

"கொரலு. 'என்னயக் கக்கூஸ் பக்கத்துல உக்கார வச்சவன்தான நீயி'ன்னு கேக்குது."

"அப்புறம்?"

"சிக்னல் போட்டுருவேன்."

முகம், குரல், சிக்னல். இந்த வரிசைதான் என் மனம் வைத்திருக்கும் உத்தியாம். ஒன்றை மாற்றினால் மற்றதெல்லாம் ஓடாதாம். முதலில் உங்கள் முகத்தை மாற்றச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு முகத்தைச் சின்னதாக்கி, கலரை எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்கச் சொன்னார். ஆக்கினேன். மச்சான், ஆக்கிப் பார்த்தால் அது பேப்பரில் வரும் நினைவஞ்சலி படம் மாதிரியே இருந்தது. கீழே பிறந்த தேதியும் மற்ற தேதியும்தான் பாக்கி. நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன். இன்சூரன்ஸ் அக்காதான் டிஷ்யூ கொடுத்து, உங்களுக்கு என்ன வயது, பாலிசி ஏதும் எடுத்திருக்கிறீர்களா என்று விசாரித்தார்.

சரி, படம் வேண்டாம், குரலை மாற்றலாம் என்றார் சுகுமாரன். எனக்குப் பயமே வராத ஒரு குரலாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். எனக்குச் சட்டென்று தோன்றியது எங்கள் தாமான் குடியிருப்புக்கு வரும் பழைய பேப்பர் லாரிதான். சூராட் காபார் லாமா என்று ஒலிபெருக்கியில் மூக்கால் இழுத்து, சொன்னதையே சொல்லிக்கொண்டு வருமே, அந்தக் குரல். நீங்கள் திட்டுவதை அந்தக் குரலில் ஓட்டிப் பார்த்தேன். கக்கூஸ் பக்கத்துலே, கக்கூஸ் பக்கத்துலே என்று லாரி தெருவைச் சுற்றி வந்தது. சிரிப்பு வந்துவிட்டது. கை சிக்னலைத் தேடவில்லை. வீட்டில் தினமும் பழகச் சொன்னார், பழகினேன். குளிக்கும்போது பழகினேன், சாமி கும்பிடும்போதுகூடப் பழகினேன்.

பழகிய தைரியத்தில்தான் அன்றைக்கு உங்களுக்குப் போன் செய்தேன். இத்தனை காலம் கழித்து உங்கள் குரலைக் கேட்கிறேன். நீங்கள் பாவம், மெதுவாக, விழுந்த கதையைச் சொல்கிறீர்கள். என் காதில் விழுந்ததோ லாரி. "வழுக்கிட்டேன் மாப்ள, இடுப்பு போச்சு மாப்ள" என்று அது சுற்றிச் சுற்றி வந்தது. இருமி அடக்கப் பார்த்தேன், சிரிப்பு கூடத்தான் செய்தது. போன் வைக்கும் சத்தம் கேட்டதும்தான் சிரிப்பு நின்றது. திரும்பிப் பார்த்தால் கையில் கரண்டியோடு குமுதா நிற்கிறாள்.

அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. தேத்தண்ணி மட்டும் மேசைக்கு வருகிறது, சீனி இல்லாமல். சுகுமாரனிடம் ஓடிப்போய், தம்பி, பழைய குரலையே திருப்பிப் போட்டுக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்கிறார். இப்போது எல்லாம் தலைகீழாகப் போய்விட்டது. நிஜ லாரி தெருவில் வந்தால் நீங்கள் வருகிற மாதிரி இருக்கிறது. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிப்போய்க் கேட்டைத் திறந்து கை கட்டி நிற்கிறேன். லாரிக்காரச் சீனர் தராசை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார். மனுஷனை வெறுங்கையோடு அனுப்ப மனசு வராமல் வீட்டில் இருந்த பேப்பரையெல்லாம் கொடுத்துவிடுகிறேன், நேற்று குமுதா இன்னும் படிக்காத பேப்பரும் போய்விட்டது.

மச்சான், சிரித்தது என் தப்பு. மேசை போட்டது மண்டபத்துக்காரர்கள் தப்பு. ஆனால் ஷர்மினி யாருக்கு என்ன செய்தாள்? குமுதா கல்யாணப் புடவைகளை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்ப மடித்து அலமாரியில் வைக்கிறாள். அதைப் பார்க்க என்னால் முடியவில்லை. நீங்கள் வராமல் இந்தக் கல்யாணம் நடந்தாலும் நடந்த மாதிரி இருக்காது. உங்கள் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன், நீங்கள் வந்து நிற்க வேண்டும்.

உங்கள் இடுப்புக்கு சீக்கிரம் குணம் கிடைக்க எங்கள் முனீஸ்வரர் கோயிலில் எலுமிச்சம்பழம் வைத்து வேண்டியிருக்கிறேன். உங்கள் வீட்டில் அக்காவுக்கு என் வணக்கமும் பேரப்பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும் மாப்பிள்ளை,
சதாசிவம்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் குமுதா இதை எடுத்துப் படித்துவிட்டாள். படித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தாள். "சிரிச்சதுக்கா நான் பேசாம இருக்கேன்? நேர்ல போகாம உக்காந்து கத எழுதுறீங்களே, அதுக்குத்தான். அன்னைக்கு மத்தியானமே அண்ணன் எனக்குப் போன் பண்ணிருச்சு" என்றாள். நீங்கள் சொன்னதையும் சொன்னாள். "பாக்க வாரவன் எல்லாம் எழவு வீட்டு மொகத்தோட வாரான் லா. மாப்ள ஒருத்தன்தான் சிரிச்சான், முன்னமாரியே. எனக்கும் சிரிப்பு வந்துருச்சு, இடுப்பு விண்ணுன்னு வலிச்சுது, அதான் போன வச்சுட்டேன். வெத்தலையோட எப்ப வாரானாம்?" என்று கேட்டீர்களாமே.

ஆகவே மேலே கேட்ட மன்னிப்பு முழுவதையும் அடித்துவிடுங்கள் மச்சான். நான் வேண்டுமென்றேதான் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தட்டோடு வருகிறோம், இந்தக் கடிதமும் தட்டிலேயே இருக்கும். இடுப்பு நன்றாக ஆறும்வரை அதைப் பிரிக்க வேண்டாம் என்று உறைமேலும் எழுதியிருக்கிறேன்.