நிலா பஸ்சும் ஒரு தழும்பும்

பொய்க் கதை சொல்லி ஒரு மெய்யை நம்பவைத்தால், அது எந்தக் கணக்கில் சேரும்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

அப்போது காரிமங்கலத்தில் குடியிருந்தோம். மூத்தவள் செல்வி கைக்குழந்தை. பக்கத்து ஊரில் பெரியம்மை கண்டிருந்தது. ஆனாலும் அது வராமல் தடுக்க அம்மை குத்துகிறவர் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் கதவெல்லாம் தானாகச் சாத்திக்கொள்ளும். "நீங்க படிச்சவங்க, நாலு பேருக்கு எடுத்துச் சொல்லுங்கம்மா" என்று அவர் என்னிடம் கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. (எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்து அதுவரை நான் சாதித்தது, பிறர் வீட்டுத் தந்தியைப் படித்துச் சொன்னதுதான்.)

குழாயடியில் கிருமிகளைப் பற்றி விளக்கினேன். எதிர்வீட்டு மாதம்மாக்கா குடத்தை இடுப்பில் ஏற்றியபடி கேட்டார்:

"கண்ணுக்கே தெரியாத பூச்சின்னா, பாத்தது யாருடி?"

"மைக்ராஸ்கோப்புல பாத்தாங்கக்கா."

"நீ பாத்தியா?"

எங்கள் பள்ளிக்கூடத்தில் அது பீரோவுக்குள் பூட்டியே இருந்தது. "பீரோவப் பாத்தேன்க்கா" என்றேன். குழாயடியே சிரித்தது.

பத்திரிகைகளில் வரும் விஞ்ஞானக் கதைகள் என்றால் எனக்கு உயிர். அந்தத் துணிச்சலில் நானே ஒன்று கட்டிவிட்டேன். இரண்டாயிரமாவது வருடம். சந்தை நாளன்று காரிமங்கலத்திலிருந்து நிலாவுக்கு பஸ் புறப்படுகிறது. அங்கே காற்றில்லாததால் ஊரே ஒரு கண்ணாடிக் கூரையின் கீழ் வாழ்கிறது. ஒருவருக்கு அம்மை கண்டால் அத்தனை பேருக்கும் கண்டுவிடும். அதனால் கண்டக்டர் டிக்கெட் கேட்க மாட்டார், புஜத்தைக் காட்டச் சொல்வார். அம்மை குத்திய தழும்பு இருந்தால்தான் சீட்!

குழந்தைகள் வாயைப் பிளந்தார்கள். அவர்களுடைய அம்மாக்களும்தான்.

"கோழி ஏத்துவாங்களா?" என்றார் மாதம்மாக்கா. "ஏத்துனா அதுக்கும் குத்தணுமா?"

அடுத்த முறை அம்மை குத்துகிறவர் வந்தபோது தெருவே வரிசையில் நின்றது, ஒருத்தியைத் தவிர.

அந்த ஒருத்தி நான். ஊசியைக் கண்டதும் (என் கதையில் ஊசி வரவே இல்லையே!) படித்ததெல்லாம் பறந்துவிட்டது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்? கை வீங்கினால்? செல்வியை வாரிக்கொண்டு உள்ளே ஓடி, கதவைச் சாத்திவிட்டு, ராகி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அவள் சமர்த்தாக இருந்தாள். எனக்குத்தான் ஊருக்கே கேட்கும்படி தும்மல் வந்தது.

பக்கத்து வீட்டு பாத்திமாக்கா கதவைத் தட்டினார். "சரசு! பஸ்சு பொறப்படுதும்மா. எங்களையெல்லாம் ஏத்தி உட்டுட்டு நீ வூட்டுக்குள்ள என்ன பண்றே?"

"பயமா இருக்குக்கா."

"எனக்கு மட்டும் இல்லியா? நீ சொன்னதை நம்பித்தானே எம் மவன் கைய நீட்டினேன். இப்ப நீயே நம்பலைன்னா எப்படி? கொண்டா புள்ளைய."

கதவைத் திறந்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார். செல்வி வீறிட்டாள், நான் அவளைவிட உரக்க. குத்தி முடித்ததும் தெருவே "ரைட், ரைட்!" என்று கூவியது.

அவளுக்கு வந்த காய்ச்சல் அடங்கும்வரை என்னோடு உட்கார்ந்திருந்தவரும் பாத்திமாக்காதான். பெரியம்மை எங்கள் தெருவுக்குள் வராமலே போனது. செல்வியின் தழும்பைத் தொடும்போதெல்லாம் அந்தப் புண்ணியவதியை நினைத்துக்கொள்வேன். நான் எதற்குத் தயங்கினாலும் என் வீட்டுக்காரர் இன்றும் "ரைட், ரைட்" என்பார்.

சிக்கல் இப்போதுதான். பெரியம்மை ஒழிந்துவிட்டது, இனிக் குத்த வேண்டியதில்லை என்கிறார்கள். என் இளையவனின் புஜம் வழுவழுவென்றிருக்கிறது. "நீ கீழயே நில்லு, நான் நிலாவுக்குப் போயிட்டு வரேன்" என்று செல்வி தழும்பைக் காட்டுகிறாள். அவன் தேம்பித் தேம்பி அழுகிறான். பஸ் பொய் என்று சொன்னால், நாளைக்கு வேறொரு ஊசிக்கு என்னை நம்பிக் கையை நீட்டுவானா? நிஜம் என்றால், எதைக் காட்டி ஏறுவான்? விவரம் தெரிந்த வாசகர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், அவனுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும்?