ஒரு கழுதைக்கு ஒரு கரைவலை

பயம் வந்தால் நான் ஆள் சேர்ப்பேன். என் வீட்டில் அதற்குப் பெயர் பதற்றம். நான் வைத்த பெயர் போர்க்கலை. பழைய போர்நூல்களை விரும்பி வாசிப்பவன் நான். எதிரியைப்போல் பத்து மடங்கு பலத்தோடு போனால் அவன் சண்டையை நினைக்கவே மாட்டான் என்பது எனக்குப் பிடித்த பாடம். (இன்றைக்கும் அது சரிதான் என்பேன். கேட்கத்தான் வீட்டில் ஆளில்லை.)

போன வருஷம், கற்பிட்டியில் எங்கள் வெங்காயத் தோட்டத்துக்குள் சொந்தக்காரர் இல்லாமல் அலையும் ஒரு கட்டாக்காலிக் கழுதை புகுந்தது. வெங்காயம் பிடுங்க இன்னும் பத்தே நாள்.

"நான் கலைச்சி விடுறன் வாப்பா," என்றாள் பதினாலு வயது மகள் சுமையா.

உதைத்துவிட்டால்?

"வேலிக்கு வெளிய நில்லு மகள்!" என்று கத்திவிட்டுக் கடற்கரைக்கு ஓடினேன். கரைவலை இழுத்து முடித்திருந்த நஸீர் நானாவையும் அவரது இருபது ஆட்களையும் வலையோடு கூட்டி வந்தேன்.

"ஒரு கழுதைக்கா தம்பி இவ்வளவு பேர்?"

"ஓம் நானா. கூட்டத்தைக் கண்டாலே பணிஞ்சிரும்."

கடலில் வளைப்பதுபோலத் தோட்டத்தை வளைத்து, இரண்டு பக்கமும் நின்று இழுத்தார்கள். வலையின் அடிக்கயிறு முழுக்க ஈயக்கட்டி என்பதை நான் யோசிக்கவில்லை. கழுதைக்கு முன்னால் வெங்காயம் நகர்ந்தது. பாத்தி பாத்தியாக வேரோடு வந்தது.

"காலையில பட்ட மீனைவிட இது நல்ல பாடு!" என்றார் நஸீர் நானா.

எந்தப் பக்கமும் வழியில்லாத கழுதை மிரண்டு என்மேல் பாய்ந்தது. படைத்தளபதியாகிய நான் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்தேன். தலையைத் தூக்கினால், சுமையா வேலி தாண்டி வந்து வலையின் ஒரு பக்கத்தை நிலத்தோடு மிதித்துக்கொண்டு நிற்கிறாள்!

"எல்லாரும் விலகுங்க! அது போகத்தான் பாக்குது!"

கழுதை அவளை உரசாத குறையாகக் கடந்து வெளியே ஓடியது.

வளைத்த எதிரிக்கு ஒரு வழி விட வேண்டும் என்பதும் அதே நூல்களில்தான் இருக்கிறது. வாசித்த எனக்கு அது மறந்துபோயிற்று. வாசிக்காத என் மகளுக்குத் தெரிந்திருந்தது. பெருமைப்படாமல் என்ன செய்வது?

இப்போது எந்தத் தோட்டத்தில் கழுதை புகுந்தாலும் எங்கள் வீட்டு வாசலில்தான் ஆள் வந்து நிற்கிறது.

"மகள் நிக்கிறாவா நானா?"

"ஓம், நானும் வாறன்."

"ஐயோ, நீங்க வேணாம். எங்கட வெங்காயம் இன்னும் முத்தல்ல."