தையற்கடை ஆட்டின் மாபெரும் சோகம்

மனிதகுல வரலாற்றில் கருணை உபரியாகிப்போன ஒரே பேட்டை எங்களுடையதுதான் என்று அடித்துச் சொல்வேன். மற்ற இடங்களில் பிராணிகள் கருணைக்காகக் காத்துக்கிடக்கும். எங்கள் 'அனைத்துயிர் அரவணைப்பக'த்தில் கருணை கையில் பிரஷ்ஷோடு வரிசையில் நிற்கும், பிராணிதான் கிடைக்காது.

பழைய செங்கல் கிடங்கை வளைத்துப்போட்டு அரவணைப்பகம் ஆரம்பித்தபோது உள்ளே இருந்தவை இரண்டு கிழட்டு மாடுகள், ஒரு கழுதை, காரணமில்லாமல் கோபப்படும் ஒரு வான்கோழி. தொண்டர்களோ எழுபதுக்கும் மேல். ஞாயிறு தவறாமல் அத்தனை பேரும் தடவிக்கொடுத்ததில் கழுதையின் முதுகில் முடி கொட்டி வழுக்கை விழுந்தது. 'முந்தைய எஜமானின் கொடுமைக்குச் சாட்சி' என்று பக்கத்தில் பலகை வைத்தோம். எழுதியது நான்தான். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும்.

சாணி அள்ள மட்டும் ஒருவர் கூலிக்கு வருவார். அவரை யாரும் தொண்டர் என்று சொல்வதில்லை. காசு வாங்கிக்கொண்டு அள்ளினால் அது வெறும் சாணி. அதில் சேவை கலக்காது.

நான் 'ஆறுதல் பிரிவு'. மாட்டின் காதில் நல்ல வார்த்தை சொல்வது என் பொறுப்பு. "என் காதுல அந்த மாதிரி ஒண்ணு சொல்லி எத்தனை வருஷமாச்சு?" என்று என் வீட்டுக்காரர் ஒரு தடவை முனகினார். மீட்கப்பட்ட ஜீவனுக்கும் மாட்டிக்கொண்ட ஜீவனுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன்.

இப்படியிருக்கையில் அவசரக் கூட்டம் கூடியது. தலைவர், இன்சூரன்ஸ் ஆபீசில் இழப்பீடு கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் இல்லை என்று சொல்லியே ஓய்வு பெற்றவர், தொண்டையைச் செருமினார்.

"நிலைமை மோசம். கழுதையோட துயரத்தை எல்லாரும் பார்த்தாச்சு. புதுசா ஒரு துயரம் வேணும்."

செயலாளர் பல் டாக்டரின் மனைவி. கணவர் பிடுங்கும்போது நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு பழகியவர். "எங்க தெருவுல ஒரு ஆடு இருக்கு சார். முகத்தைப் பார்த்தாலே வயித்தைப் பிசையுது" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் எதிர்வீட்டுத் தையற்கடை ஆடு.

தையல்காரிக்கு ஒண்டிக்கட்டை வாழ்க்கை. மிஷினும் அந்த ஆடும்தான் குடும்பம். ஆட்டைக் கட்டிப்போடுவதில்லை. கடைப்படியில் படுத்து, விழுகிற துண்டுத்துணியை மென்றுகொண்டே மிஷின் சத்தத்துக்குத் தூங்கும். காது தொங்கி, மூக்கு வளைந்து, கண் இமை கீழே இறங்கிய இனம் அது. தீவனம் தின்னும்போதுகூட எழவு வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோலத்தான் தெரியும். "அடி கழுதை, காஜா எடுக்கறதுக்குள்ள சட்டைக் கையைத் தின்னுட்டியே!" என்று அவள் கத்துவாள். அது அவள் மடியில் தலையை வைத்து அடுத்த கையைத் தேடும்.

அவள் அளவெடுக்கப் போயிருந்த நேரம் பார்த்து வேன் வந்தது. மீட்பு நடவடிக்கை வெற்றி. குற்றச்சாட்டுகள் மூன்று: ஆட்டைக் 'கழுதை' என்று அழைத்து அதன் 'சுய அடையாள'த்தைச் சிதைத்தது, குளிர்காலத்தில் சட்டை தைத்துப் போட்டு 'உடைத் திணிப்பு' செய்தது, முகம்.

கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்போடு அவள் அரவணைப்பகத்துக்கு ஓடிவந்தாள். "எங்க என் ஆடு?"

"அது இப்ப யாரோட ஆடும் இல்லம்மா. சுதந்திர ஜீவன்" என்றார் செயலாளர்.

"சுதந்திரம்னா எதுக்குப் பூட்டு?"

"அவ்வளவு சுதந்திரத்தை அப்படியே திறந்து போட முடியுமா?"

அவள் குரல் கேட்டதும் உள்ளேயிருந்து ஆடு கதறியது. செயலாளர் நெஞ்சில் கை வைத்தார். "பாத்தீங்களா, உங்க குரலைக் கேட்டதுமே பழைய வேதனை கிளம்புது!" அவளை வெளியே அனுப்பினோம். ஆடு இன்னும் உரக்கக் கதறியது.

"இப்ப ஏன் சார் கத்துது?" என்று தலைவரைக் கேட்டேன்.

"அவ வந்ததும் அழுதா பயம். போனதும் அழுதா பாதிப்பு. எப்படி அழுதாலும் நம்ம கட்சிதான்."

என்ன தெளிவு! இப்படிப்பட்டவரை அந்த ஆபீஸ் எப்படித்தான் ஓய்வு பெற விட்டதோ.

ஆட்டின் அழுகை பேட்டையெங்கும் பரவியது. போனில் பதிவு செய்து அதையே மணியோசையாக வைத்துக்கொண்டார்கள். எங்கள் தெருவில் ஒரு போன் அடித்தால் நாலு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுப்பார்கள். பாத்ரூம் டைல்ஸ் கடை முதலாளி ஒரு ஞாயிறு வந்து கேட்டுவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். "என் சொந்த அண்ணன் போனப்பகூட இப்படி வரலீங்க" என்றவர், அன்றே 'முதன்மைப் புரவலர்' ஆனார்.

ஆடு தீனியைத் தொடவில்லை என்பதைக் கூலியாள் வந்து சொன்னார். 'மௌனப் போராட்டம்' என்று குறித்துக்கொண்டோம்.

தையல்காரியும் சும்மா இருக்கவில்லை. அடுத்த ஞாயிறு தொண்டர் சீருடைச் சட்டையில் வாசலில் நின்றாள். எல்லாச் சட்டையும் அவள் தைத்ததுதான். தனக்கு ஒன்று வெட்டிக்கொள்ள எவ்வளவு நேரமாகும்?

"நானும் சேவை செய்யப் போறேன். செய்யக் கூடாதுன்னு விதி இருந்தா காட்டுங்க."

இல்லை. வருகிறவர்களை வேண்டாம் என்று சொல்லும் விதியை நாங்கள் எழுதியிருக்கவில்லை. ஆகவே 'தொடுதல் பயிற்சி'யில் உட்கார வைத்தோம்.

"ஆட்டைத் தொடறதுக்கு முன்னால கண்ணால அனுமதி கேக்கணும்" என்றார் செயலாளர்.

"அது என் முந்தானையத் தின்னுறதுக்கு முன்னால யாரைக் கேக்குது?"

பயிற்சி முடிந்து ஆட்டுப் பட்டியின் சாவி அவள் கைக்குப் போனது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லவே சங்கடமாக இருக்கிறது. ஆடு அழுகையை நிறுத்திவிட்டது. தின்றது. துள்ளியது. வான்கோழியைத் துரத்தி அதற்கும் ஒரு வேலை கொடுத்தது.

டைல்ஸ் முதலாளி குடும்பத்தோடு, ஆளுக்கொரு கைக்குட்டையோடு வந்தார். ஆடு அவர் வேட்டி நுனியைச் சப்பியது.

"என்னங்க இது, குதிக்குது? மனசு விட்டு அழலாம்னு கடைய மூடிட்டு வந்திருக்கேன்!"

தலைவருக்கு வேர்த்துவிட்டது. முதலாளி அவரைத் தனியே அழைத்துப்போய்ப் பேசினார். ஆட்டுக்கென்று சுற்றிலும் பளபளவென டைல்ஸ் பதித்து, முன்பக்கம் கண்ணாடி வைத்து ஓர் அறை கட்டித் தருவாராம். பெயர் 'கண்ணீர்க் கூடம்'. ஆனால் பெயருக்கு ஏற்ற மாதிரி உள்ளே நடக்க வேண்டுமாம்.

மறுநாளே தையல்காரியைக் கூட்டத்துக்கு அழைத்தோம்.

"நீங்க கொஞ்ச நாளைக்கு ஆட்டை விட்டு விலகி நிக்கணும்மா" என்றார் தலைவர்.

"நான் விலகினா அது அழும் சார்."

"அதேதான்."

"அழுதா அது தீனி தின்னாதே?"

"அது அழுதாத்தானேம்மா நாம அதை நல்லா வச்சுக்க முடியும்?"

"கூடம் கட்டி முடிச்சப்புறம் யாருமே உள்ள போகப்போறதில்ல" என்று செயலாளர் ஆறுதலாகச் சொன்னார். "கண்ணாடியில கைரேகை விழுமே."

நியாயமான பேச்சு. நான் தலையாட்டினேன். தையல்காரி என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, நீயுமா? தெனம் என் கடையில உக்காந்துதான ஊர்க்கதையெல்லாம் அளப்ப? அது உன் செருப்பு மேல தலை வச்சுத் தூங்குமே!"

"இது பொது விஷயம்டி" என்றேன். செருப்புக் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

'கண்ணீர்க் கூட'த்துக்கு அஸ்திவாரம் போடும் விழா வந்தது. அவளை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். ஆட்டின் கதறல் கிடங்குச் சுவரில் மோதித் திரும்பியது. முதலாளி அப்போதே கைக்குட்டையை எடுத்துவிட்டார்.

"எல்லாரும் கண்ணை மூடி, இந்த வாயில்லா ஜீவனோட குரலை மனசால கேளுங்க" என்றார் தலைவர்.

எழுபது பேரும் கண்ணை மூடினார்கள். நான் ஒரு கண்ணை மூடினேன். இரண்டையும் மூடினால் பேட்டையில் நடப்பதை யார் பார்ப்பது?

வாசல் கதவு திறந்தது. தையல்காரி விடுவிடுவென்று நடந்து வந்தாள். இன்னும் அவளிடமே இருந்த சாவியால் பட்டியைத் திறந்தாள். ஆடு கதறலைப் பாதியில் முழுங்கிவிட்டு அவள் இடுப்பில் முகத்தைத் தேய்த்தது. கயிறு இல்லை, இழுப்பு இல்லை. அவள் நடந்தாள், அது பின்னாலேயே போனது. என்னைக் கடக்கும்போது நின்று, என் திறந்த கண்ணை நேராகப் பார்த்தாள்.

எனக்குச் சொல்ல விஷயம் இருந்தும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் தெருவில் இதை யாரும் நம்ப மாட்டார்கள். அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டேன்.

"நின்னுடுச்சே?" என்றது முதலாளியின் குரல்.

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். பட்டி காலி. தலைவரின் முகம் வெளுத்து, சிவந்து, பிறகு பிரகாசமானது. இழப்பை இல்லை என்று சாதிப்பது அவருக்குக் கைவந்த தொழில் அல்லவா?

"ஆமா, நின்னுடுச்சு! நம்ம அன்பால குணமாயிடுச்சு! குணமான ஜீவனை ஒரு நிமிஷம்கூட அடைச்சு வைக்க மாட்டோம். அது நம்ம கொள்கை!"

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. முதலாளி ஆனந்தக் கண்ணீர் விட்டார், கைக்குட்டை வீணாகவில்லை. இனி யார் போய் ஆட்டைத் திருப்பிக் கேட்க முடியும்?

ஆடு இப்போது கடைப்படியில் துணி மெல்லுகிறது. தையல்காரி எனக்கு ஸ்டூல் போடுகிறாள். பேச்சு இன்னும் கொடுக்கவில்லை.

ஆண்டறிக்கை போன வாரம் வந்தது. வழவழத் தாளில், முகப்பிலேயே, கொட்டை எழுத்தில்: 'இந்த ஆண்டு மீட்கப்பட்ட ஜீவன்: ஒன்று.' அதில் பொய் என்று யாரும் ஒரு புள்ளியைக்கூடக் காட்ட முடியாது. யாரிடமிருந்து மீட்கப்பட்டது என்பதற்கு மட்டும், பாவம், தாளில் இடம் போதவில்லை.