களைக்குக் காவல் இருந்தவன்

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. இதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தெரியாதவன் தெரியாதவனாகவே இருந்திருந்தால் ஒரு வம்பும் வந்திருக்காது. போனில் மொழிபெயர்ப்பைத் தட்டினால் போதும், எல்லாம் புரிந்துவிடும் என்று நினைத்தேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் வழியில், காட்டை ஒட்டி எங்கள் நிலம். அப்போது எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்று எழுதுவதுதான் சரி. "பையன் என்ன பண்றாருங்க?" என்று கேட்பார்கள். "விவசாயங்க" என்பார் அம்மா. அவ்வளவுதான், அவர்களுக்கு உடனே பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். என்னோடு படித்து ஓசூர் கம்பெனிக்குப் போனவர்கள் எல்லாம் பிள்ளைக்குக் காது குத்தி முடித்துவிட்டார்கள். நான் வெளியே சிரித்துக்கொண்டு திரிந்தேன். உள்ளுக்குள் வலித்தது. மண்ணில் கை வைப்பது அவ்வளவு கேவலமா என்று தனியாக இருக்கும்போது கேட்டுக்கொள்வேன்.

அப்படி இருக்கையில் அரூர் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பெண் பெயர் வனிதா. போட்டோவைப் பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. "அடுத்த மாசக் கடைசி ஞாயித்துக்கெழமை வூடும் நெலமும் பாக்க வர்றோங்க" என்று அவள் அப்பா போனில் சொன்னார். இதுவும் தட்டிப்போனால் இனிமேல் யார் வீட்டுப் படியும் ஏறுவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டார்.

நிலத்தில் அப்போது இருந்தது புளிச்சக்கீரை. முக்கால்வாசியை மான் மேய்ந்திருந்தது. மிச்சத்தைப் பன்றி உழுதிருந்தது (நான் உழுததைவிட ஆழமாக). கரண்ட் வேலி போடக் கூடாது, போட்டால் பன்றியோடு மனுசனும் போவான். ஆனால் வருகிறவர்கள் கண்ணுக்கு நிலம் பச்சையாக இருந்தாக வேண்டும். அதனால் கீரையை ஒரு போட்டோ எடுத்து போனில் தேடினேன். அச்சு அசல் அதே இலையோடு ஒரு வெளிநாட்டுப் பக்கம் வந்தது. தமிழாக்கினேன். தலைப்பு இப்படி இருந்தது: 'உங்கள் களையை மான்களிடமிருந்து பாதுகாப்பது எப்படி?'

எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாம் பயிரையே காப்பாற்ற முடியாமல் தவிக்கிறோம், வெள்ளைக்காரன் களையைக்கூடக் காப்பாற்றுகிறானே! அந்தக் களை நம்ம கீரை மாதிரியே இருப்பதும் நல்லதாகப் போயிற்று என்று, சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் செய்தேன். குச்சி நட்டு வாசனை சோப்பு தொங்கவிட்டேன். சலூனிலிருந்து முடி அள்ளி வந்து வரப்பெல்லாம் தூவினேன். ஒகேனக்கல்லில் தூண்டில் நரம்பு வாங்கி, கண்ணுக்குத் தெரியாதபடி முழங்கால் உயரத்துக்குச் சுற்றிக் கட்டினேன்.

"குளிக்கச் சோப்பு இல்ல, மானுக்குச் சோப்பாடா?" என்றார் அம்மா.

இன்னொரு யோசனையும் அதில் இருந்தது. மனித வாடை அடித்தால் மான் அண்டாதாம். அதற்கு ஓரத்து வரிசையில் தினமும் காலையில்... (இதற்கு மேல் எழுதக் கூடாது என்பது மனைவியின் உத்தரவு. புரிந்துகொள்ளுங்கள்.)

மான் நிஜமாகவே வரவில்லை. அந்த வாடைக்குப் பன்றியும் அண்டவில்லை. கீரை துளிர்த்து இடுப்பு உயரம் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. காட்டுப் பன்றித் தொல்லைக்கென்று எங்கள் ஊரில் ஒரு வாட்ஸப் குழு உண்டு. விவசாயிகள், காட்டிலாகா வாட்சர், போலீஸ் ஸ்டேஷன்காரர்கள் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். தோட்டத்து போட்டோவையும் அந்த வெளிநாட்டுப் பக்கத்தையும் சனிக்கிழமை சாயந்தரம் அதில் போட்டேன். 'இது நம்ம தோட்டம். இதில் சொன்னபடி செய்தேன். அருமையாக வளர்கிறது. வேண்டியவர்கள் நேரில் வந்து பார்க்கலாம்.'

ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வந்தார்கள். அப்பா, அம்மா, கூடவே வனிதாவும். "வாழப்போறது நான்தானே, நானும் பாக்கறேன்னு சொல்லிட்டாங்க" என்றார் அவள் அப்பா, மகளுக்கே மரியாதை கொடுத்து. தோட்டத்து வரப்பில் நின்று வாய்க்கால், கிணறு என்று நான் கை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தபோது ஜீப் வந்து நின்றது. ஏட்டய்யா இறங்கினார். மதுரைப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர்.

"இந்தத் தோட்டம் யாருது?"

"என்னுதுதாங்க" என்றேன் பெருமையாக. "குரூப்ல பாத்துட்டு வந்தீங்களா?"

"ஆமாய்யா. நேர்ல வந்து பாக்கச் சொல்லி நீயே கூப்பிட்டிருக்கியே! இத்தனை வருச சர்வீஸ்ல கஞ்சா போட்டவன் எவனும் எனக்குப் பத்திரிகை வச்சதில்ல."

"கஞ்சாவா? ஐயோ, களைங்க அது!"

"களையாம்ல களை! அவிங்க இங்கிலீசுல களைக்கும் கஞ்சாவுக்கும் ஒரே பேருய்யா!"

வனிதாவின் அப்பா செருப்பைத் தேடினார். என் அம்மா வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். போலீஸ் பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற பயத்தைவிட, வனிதா என்னை என்ன நினைப்பாள் என்பதுதான் பெரிதாக இருந்தது. திருட்டுப் பயல் என்று அவள் நினைத்துவிட்டால், சும்மா விவசாயியாகவே இருந்து கல்யாணம் ஆகாமல் போயிருக்கலாமே என்று அழுகை முட்டியது.

"ஏம்மா, இது நம்ம புளிச்சக்கீரை இல்ல?" என்றாள் வனிதா.

"பாத்தா அப்படித்தான் இருக்குது. இரு, தின்னு பாத்தா தெரிஞ்சுடுது" என்று அவள் அம்மா விறுவிறுவென்று நடந்தார். போய் நின்ற இடம் ஓரத்து வரிசை.

"அத்தை! அந்த வரிசை வேணாம்!" என்று கத்தினேன்.

"ஏன்? அந்த வரிசையில என்ன?" என்று ஏட்டு லத்தியைத் தூக்கினார்.

என்னத்தைச் சொல்வது? தடுப்பதற்காக ஓடினேன். நானே கட்டிய நரம்பு முழங்காலில் மாட்டியது. குப்புற விழுந்தேன். தலை போய் நின்றது அந்த அம்மாளின் பாதத்தில். அதற்குள் இலை அவர் வாய்க்குள் போயிருந்தது. மென்றார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். (இரண்டு நாள் முன்னால் மழை பெய்திருந்தது. அதை நினைத்துத்தான் இன்றுவரை மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.)

"நல்ல புளிப்பு. புளிச்சக்கீரையேதான்!" என்றார். பிறகு குனிந்து பார்த்தார். "அட, எந்திரிப்பா. இதுக்குப் போய் யாராச்சும் கால்ல வுழுவாங்களா? நல்லா இருப்ப, எந்திரி."

ஏட்டய்யாவுக்கும் ருசி பார்க்க ஆசை வந்தது. அவரை மட்டும் கையைப் பிடித்து நடு வரிசைக்குக் கூட்டிப்போனேன். ஒரு இலையைத் தின்றுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "கடைஞ்சு தட்டுல வச்சாத்தான்யா எனக்குத் தெரியும்" என்று சொல்லி, ஒரு கட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆனாலும் வனிதாவின் அப்பா தயங்கினார். "பையன் ஏதாச்சும் கம்பெனிக்குப் போனா..." என்று இழுத்தார். நான் இத்தனை நாளும் கேட்டுக் கேட்டுப் புளித்த பேச்சு.

அந்த அம்மாள்தான் சொன்னார்: "சும்மா இருங்க. கீரைக்கே இப்படிக் காவல் இருக்கறவன் நம்ம பொண்ண வுட்டுடுவானா? போலீசு நிக்கறப்பவே பெரியவங்க கால்ல வுழறானே, இந்தக் காலத்துல எந்தப் பையனுக்கு இந்த மரியாதை தெரியுது?"

வனிதா என் முகத்தைப் பார்க்கவில்லை. முழங்காலில் சுற்றியிருந்த நரம்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் முடிந்த பிறகு, ஓரத்து வரிசை மட்டும் ஏன் வேண்டாம் என்று கேட்டாள். சொன்னேன். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து வீட்டில் எந்தச் சண்டையிலும் நான் ஜெயித்ததில்லை. "அம்மாவுக்கு ஒரு போன் போடட்டுங்களா?" என்பாள், அத்தோடு நான் அடங்கிவிடுவேன்.

மாமியார் இன்றும் எந்த விசேஷத்துக்குப் போனாலும், மாப்பிள்ளை தன் காலில் விழுந்ததைச் சொல்லாமல் சாப்பிட உட்காருவதில்லை. வருசா வருசம் கீரை துளிர்க்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். பையை எடுத்துக்கொண்டு நேராக ஓரத்துக்கு நடப்பார்.

"நீங்க என்ன சொன்னாலும் சரிங்க மாப்ள," என்பார், "அன்னிக்குத் தின்ன அந்த வரிசையோட ருசி வேற எதுலயும் வரல."

நானும் வனிதாவும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றுகொண்டிருப்போம்.