வர முடியாது என்பதற்கான விளக்கம்

சிங்காநல்லூர்,
ஆவணி, 1996

மதிப்பிற்குரிய மச்சான் நஞ்சுண்டன் அவர்களுக்கு, தங்கள் தங்கை பாவாத்தாளின் வீட்டுக்காரன் காளிச்சாமி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் சுகம். அங்கே கோபியில் அக்காவும் குழந்தைகளும் எருமையும் சுகம்தானே? எருமை கன்று போட்டுவிட்டதா என்று பாவாத்தாள் கேட்கச் சொன்னாள்.

தாங்கள் போட்ட கார்டு கிடைத்தது. வருகிற வியாழக்கிழமை உங்கள் கயிற்றுப் பட்டறைக்கு வாசலில் போடுகிற தேங்காய் நார் மிதியடி வாங்க ஒரு வெள்ளைக்காரர் வருகிறார் என்றும், அவர் ஆர்டர் கொடுத்தால் பட்டறை பிழைக்கும், இல்லாவிட்டால் இழுத்து மூடிவிட்டு நீங்களும் அக்காவும் மறுபடி அடுத்தவர் காட்டுக்குக் கூலிக்குப் போக வேண்டியதுதான் என்றும், நம்ம சொந்தத்தில் இங்கிலீஷ் கிளாஸுக்குப் போகிற ஒரே ஆள் நான்தான் என்பதால் வந்து நாலு வார்த்தை பேசித் தரவேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள். கடைசியில் 'முடிஞ்சா வாங்க மாப்பிள்ளை, இல்லைனாலும் ஒண்ணுமில்லைங்க' என்று வேறு போட்டிருந்தீர்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நம்ம பக்கத்தில் ஒருவர் 'ஒண்ணுமில்லைங்க' என்றால் கட்டாயம் வந்தே ஆகவேண்டும் என்றுதானே அர்த்தம்? இருந்தாலும் மனதைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன் மச்சான், என்னால் வர முடியாது. காரணத்தைப் படித்தால் நீங்களே நல்லவேளை என்பீர்கள்.

எங்கள் பம்பு கம்பெனிக்கு வெளிநாட்டு ஆட்கள் வரப்போகிறார்கள், சுற்றிக் காட்ட ஒரு மூத்த ஆள் வேண்டும் என்று முதலாளிதான் என்னை மெர்சி டீச்சர் கிளாஸில் சேர்த்துவிட்டார். முதல் பாடமே 'கேன்'. ஒன்று நம்மால் முடியும் என்றால் 'ஐ கேன்', முடியாது என்றால் 'ஐ கேனாட்'. இதில் என்ன கஷ்டம் என்று நினைப்பீர்கள். டீச்சர் என்னை எழுப்பி, நீச்சல் தெரியுமா என்று இங்கிலீஷில் கேட்டார். கிணற்றில் நான் தலைகீழாகக் குதிப்பதை நீங்களே பார்த்திருக்கிறீர்கள். ஆனாலும் நாலு பேர் முன்னால் எனக்கு முடியும் என்று நானே சொல்லிக்கொள்வது அழகா? 'ஏதோ கொஞ்சம் மிதப்பனுங்க' என்றேன். சரி, விமானம் ஓட்டத் தெரியுமா என்றார். அந்தப் பிள்ளை ஆசையாகக் கேட்கும்போது முகத்தில் அடித்த மாதிரி எப்படி இல்லை என்பது? 'பாக்கலாமுங்க டீச்சர்' என்றேன். கிளாஸே சிரித்தது.

"அண்ணா, இங்கிலீஷ்ல பாக்கலாம்னு ஒண்ணு கிடையாதுங்க. ஒண்ணு முடியும், இல்லைனா முடியாது" என்றார் மெர்சி டீச்சர்.

அப்படி ஒரு பாஷையை வைத்துக்கொண்டு அந்த ஜனங்கள் எப்படித்தான் சம்பந்தம் பேசி முடிக்கிறார்கள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அப்புறம் கேனுக்கு இறந்தகாலம் என்று 'குட்', 'வாஸ் ஏபிள் டு' எல்லாம் நடத்தினார். சின்ன வயதில் வழக்கமாக முடிந்தது குட்டாம், ஒரே ஒரு தடவை முட்டி மோதி முடித்தது வாஸ் ஏபிள் டுவாம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன்.

வந்தார் வெளிநாட்டுக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், நல்ல மனுஷன், நாங்கள் கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு, பம்புக்கு நீல பெயிண்ட் அடிக்க முடியுமா என்றார். 'வீ கேன்' என்றேன். முதலாளி பூரித்துப்போனார். அடுத்து வந்தவர், பொங்கலுக்குள் இரண்டு மடங்கு அனுப்ப முடியுமா என்றார். முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனால் நம்ம வாசலுக்கு வந்து, நம்ம டீயைக் குடித்துக்கொண்டிருக்கிற மனுஷனிடம் எந்த வாயால் கேனாட் என்பது? 'வீ கேன்' என்றேன். எடையைப் பாதியாக்க முடியுமா? வீ கேன். சத்தமே இல்லாமல் ஓடுமா? இட் கேன். அவருக்குப் பின்னால் நின்று முதலாளி செய்த கைஜாடையை நான் உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துவிட்டேன். வந்தவர் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிக் கைகுலுக்கிவிட்டுப் போனார். இப்போது நாங்கள் சத்தமில்லாத பம்பு செய்ய முயன்றுகொண்டிருக்கிறோம். சத்தம் நின்றால் தண்ணீரும் நின்றுவிடுகிறது. விருந்தாளி வருகிறார் என்றாலே முதலாளி என்னைப் பின்பக்க ஸ்டோருக்கு அனுப்பிவிடுகிறார்.

சரி, கேனாட் சொல்லிப் பழகுவோம் என்று வீட்டில் ஆரம்பித்தேன். கொத்தமல்லித் தழை வாங்கி வரச் சொன்னாள் பாவாத்தாள். 'ஐ கேனாட்' என்றேன். அன்று ரசத்தில் தழையும் இல்லை, உப்பும் இல்லை. அடுத்து பக்கத்து வீட்டு நாகூர் மீரான் பாய் பீரோவை நகர்த்த ஒரு கை கொடுக்க முடியுமா என்றார். கண்ணை மூடிக்கொண்டு, முடியாதுங்க என்று சொல்லிப்போட்டேன். மனுஷன் பதறிப்போய், எனக்கு ஏதோ பெரிய சீக்கு வந்துவிட்டது என்று தெருவெல்லாம் சொல்ல, சாயங்காலம் ஆளுக்கு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வந்து என் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். எழுந்து நேரே போய் அந்த பீரோவை நான் ஒருவனாகவே நகர்த்திவிட்டு வந்து படுத்தேன். மறுநாள் நிஜமாகவே இடுப்புப் பிடித்துக்கொண்டது, ஹார்லிக்ஸ் உதவியது.

இப்பேர்ப்பட்டவன் உங்கள் பட்டறைக்கு வந்தால் என்ன ஆகும்? அவர் பறக்கிற மிதியடி கேட்டாலும் வீ கேன் என்பேன். உங்கள் பிழைப்பை என் வாயால் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை மச்சான், பயமாக இருக்கிறது. ஆகையால் என்னை மன்னிக்கவும். அந்த ஆர்டர் உங்களுக்கே கிடைக்கவும், எருமை நல்லபடியாகக் கன்று போடவும் மாரியம்மனை வேண்டிக்கொள்கிறோம். அக்காவுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
வர முடியாத தங்கள் மாப்பிள்ளை,
காளிச்சாமி

பின்குறிப்பு: இதைப் பாவாத்தாளிடம் படித்துக் காட்டினேன். கோபப்படுவாள் என்று பார்த்தால் இல்லை. "எங்கண்ணன் இதுவரைக்கும் உங்ககிட்ட ஒண்ணுமே கேட்டதில்லீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் வெள்ளைச் சட்டையைத் துவைக்க எடுத்துக்கொண்டு போனாள். மறுப்பதற்கு மனதார முயன்றேன் மச்சான். ஐ வாஸ் நாட் ஏபிள் டு. அதனால் ஒரு ஏற்பாடு. வெள்ளைக்காரர் எதைக் கேட்டாலும் நான் உங்கள் முகத்தைப் பார்ப்பேன். முடியும் என்றால் தலையாட்டுங்கள், முடியாது என்றால் இருமுங்கள். நீங்கள் இருமியதும் அவருக்கு இன்னொரு இளநீர் வெட்டச் சொல்லிவிடுவேன். இளநீர் நிறைய இறக்கி வைக்கவும். தபாலில் போட்டால் வியாழக்கிழமைக்குள் வந்து சேராது என்பதால், இந்தக் கடிதத்தை நானே கையில் கொண்டுவந்திருக்கிறேன். படித்து முடித்ததும் வாசலில் நிற்கிற என்னை உள்ளே கூப்பிடவும்.