தண்ணீர் மட்டும் கொடுத்தால் போதும்

ஒரு வீதி பாதுகாப்பானது என்று எதை வைத்துச் சொல்வது? அதில் ஒருவரும் இல்லை என்பதை வைத்தா, எல்லோரும் இருக்கிறார்கள் என்பதை வைத்தா? என் மகளின் ஞானஸ்நானத்தன்று எழுந்த கேள்வி இது. அவள் இப்போது ஓடித் திரிகிறாள். எனக்கு இன்னும் விடை தெரியாது.

நான் இயல்பிலேயே பயந்தவள். பிள்ளை பிறந்தபின் பயப்படுவது முழுநேர வேலையாகிவிட்டது. தொட்டிலில் பிள்ளை அழுதால் ஏன் அழுகிறாள் என்று பயம்; அழாவிட்டால் ஏன் அழவில்லை என்று பயம். (இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் காஸ் சிலிண்டரைப் பற்றிப் பயப்படுவேன்.) இப்படிப்பட்ட என்னிடம்தான் பெனடிக்ற் அண்ணை சைக்கிளில் போக ஒரு பாதை தெரிவுசெய்து தரச் சொன்னார்.

பெனடிக்ற் அண்ணை என் கணவர் ஜூட்டின் அக்காவைக் கட்டியவர். கனடாவில் இருக்கிறார். பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக நிற்பதற்கென்றே வந்திருந்தார். வரும்போது தன் சைக்கிளையும் கழற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்தார். ஞானஸ்நானம் தம்பலகாமத்துக்கு அப்பால், ஒரு கல்மேட்டின் உச்சியில் இருக்கும் சின்ன மாதா கோயிலில். ஜூட்டின் குடும்பத்தில் எல்லோருக்கும் தலையில் தண்ணீர் வார்த்தது அங்கேதான். பங்குக் குருவான சுவாமி அங்கே மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். முடிந்த கையோடு அடுத்த ஊர்ப் பூசைக்குப் போய்விடுவார். அண்ணைக்கோ மறுநாள் விமானம். அந்தக் காலை தவறினால் பிள்ளைக்கு ஞானத்தகப்பன் இல்லை.

"நீங்கள் எல்லாரும் வான் பிடிச்சுப் போங்கோ. நான் திருகோணமலையிலயிருந்து சைக்கிளில வாறன்," என்றார் அண்ணை. "வடிவான பாதையா ஒண்டு பாத்துச் சொல்லு தங்கச்சி. கட்டாயம் ஏற்றம் இருக்கவேணும். ஏற்றம் இல்லாட்டி சைக்கிள் ஓடின மாதிரியே இராது."

"வெயில் கடுமையா இருக்கும் அண்ணை."

"நான் என்ன பனியிலயே பிறந்தனான்?"

நேரான வழி கண்டி வீதி. அதை நான் முதலிலேயே தள்ளிவிட்டேன். லொறிகள் வரும். காட்டுப் பக்கமாக யானையும் வரும்.

"அவற்ற அந்த இறுக்கமான சைக்கிள் களிசானைக் கண்டால் யானைதான் ஓடும்," என்றார் ஜூட்.

நான் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. துறைமுகத்தைச் சுற்றி ஏறி இறங்கிச் சீனக்குடா போய், கிண்ணியாப் பாலத்தைக் கடந்து, கிண்ணியாவுக்குள்ளால் வயல்வெளி வழியே தம்பலகாமம் போகும் சுற்றுப்பாதையைத் தெரிவுசெய்தேன். கடைசியில் கோயில் மேட்டு ஏற்றம். மேலே நின்றால் ஒரு பக்கம் வயல், தூரத்தில் குடாக்கடல். அழகும் இருந்தது, ஏற்றமும் இருந்தது, லொறி குறைவு. ஜூட்டின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து முழுப் பாதையையும் பார்த்தேன். பிறகு சந்தேகம் வந்து இன்னொரு முறையும் பார்த்தேன். எங்கே வளைவு, எங்கே மணல் படிந்த தார், எந்த வளவில் நாய், அது கட்டிய நாயா கட்டாத நாயா என்றெல்லாம் குறித்தேன்.

"நாய்தான் உம்மைக் குறிச்சு வைக்குது," என்றார் ஜூட்.

இவ்வளவோடு விட்டிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. ஆனால் ஞாயிறு நெருங்க நெருங்க, அந்த அமைதியான பாதையின் அமைதியே எனக்குப் பயமாகிவிட்டது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் அண்ணை விழுந்தால் யார் தூக்குவது? ஆகவே வழியில் மூன்று வீடுகளுக்குப் போன் எடுத்தேன். சீனக்குடாவில் என் பெரியம்மா. கிண்ணியாவில் என்னோடு படிப்பிக்கும் றமீஸா டீச்சர். வயல் பக்கத்தில், ஜூட்டின் குடும்பக் காணியைச் செய்கிற சிவம் அண்ணன். மூவரிடமும் ஒரே வசனம்தான் சொன்னேன்:

"அண்ணை சைக்கிளில வருவார். வாசலில நிண்டு பாத்துக்கொள்ளுங்கோ. தண்ணி மட்டும் குடுத்தாப் போதும்."

இந்த மாவட்டத்தில் பிறந்து, இங்கேயே வளர்ந்து, பல்கலைக்கழகம் வரை போய்ப் படித்த நான் இதைச் சொன்னேன். கனடாவிலிருந்து வந்தவர் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஆளை அடையாளம் காண உதவுமே என்று.

அந்த ஞாயிறு விடிய அண்ணை உற்சாகமாகக் கிளம்பினார். பிள்ளையோடும், அண்ணையின் மனைவியான மச்சாளோடும் நாங்கள் வாடகை வானில் கண்டி வீதியால் போனோம். லொறி ஒன்றும் இல்லை. யானையும் இல்லை. ஒரு மயில் நின்றது. அதுவும் ஓரமாகத்தான் நின்றது. நேரத்துக்கு முன்னரே கோயிலடியில் இறங்கி, நான் பெரியம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"பெரியம்மா, அண்ணை உங்களைத் தாண்டிட்டாரோ?"

"இப்பதான் பிள்ளை கை கழுவினவர்."

"ஏன் கை கழுவினவர்?"

"மீன் மணக்குமெல்லோ. பிட்டும் மீன்குழம்பும் குடுத்தனான். உன்ர மச்சாள் அவருக்கு ஒழுங்காச் சமைச்சுக் குடுக்கிறேல்லையோ? விலா எலும்பு தெரியுது, பாவம்."

மச்சாள் என் பக்கத்தில்தான் நின்றார். நான் போனைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன்.

ஒரு வீடுதானே, பெரியம்மாவின் குணம் அப்படி என்று மனதைத் தேற்றினேன். மற்ற இருவரும் சொல்லைக் கேட்பவர்கள். ஆனால் நேரம் போனது, ஆளைக் காணவில்லை. றமீஸா டீச்சருக்கு எடுத்தேன். பின்னால் கோப்பைகள் சத்தம் கேட்டது.

"டீச்சர், தண்ணி மட்டும் எண்டெல்லோ சொன்னனான்?"

"ஓம், தண்ணியும் குடுத்த நாங்க."

"தண்ணியுமோ?"

"புரியாணிக்குப் பிறகு தண்ணி குடுக்காம எப்பிடி? வட்டிலப்பமும் வச்சம். வேணாம் வேணாம் எண்டார். வெக்கப்படுறார் எண்டு விளங்கிட்டு, இன்னொரு துண்டு வச்சம். கனடாவிலருந்து வந்த மனிசன வெறுந்தண்ணியோட அனுப்பினா நாளைக்கு நான் எந்த முகத்தோட ஸ்கூலுக்கு வாற?"

அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன். (இடியப்பம் கூடுதலாக இருந்திருக்கும்.)

சுவாமி உடுப்பு மாற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். "பிள்ளை, ஞானத்தகப்பன் எங்கே?"

"கிண்ணியாவில, சுவாமி."

"அங்கே என்ன செய்யிறார்?"

"சாப்பிடுறார், சுவாமி."

"நான் விடிஞ்சதிலயிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை," என்றார் சுவாமி. பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். முதலில் பூசையை வைப்பதாகவும், பூசை முடியும்போது ஆள் நிற்காவிட்டால் தாயும் தகப்பனும் ஞானத்தாயுமே போதும் என்றும் சொல்லியனுப்பினார்.

பூசை நடந்தது. பிள்ளை என் தோளில் தூங்கினாள். நான் செபம் சொன்னேனா, சிவம் அண்ணனின் இலக்கத்தை அழுத்தினேனா என்று நினைவில்லை. நடுவில் வெளியே வந்து கேட்டபோது அவர் சொன்னார்: "இன்னும் வரேல்ல தங்கச்சி. மனிசி பொங்கின சர்க்கரைப் புக்கை ஆறுது."

றமீஸா டீச்சருக்கு மறுபடி எடுத்தேன்; அண்ணை அங்கிருந்து கிளம்பி வெகுநேரமாகியிருந்தது. அண்ணையின் போன் அடித்தது, எடுக்கவில்லை. இடையில் இருப்பது ஆளில்லாத வயல் வீதி. நானே தெரிவுசெய்த வீதி. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் எதையெல்லாம் நினைத்தேன் என்று எழுதமாட்டேன். உச்சி வெயில் அதில் மிகச் சின்ன விசயம். மச்சாளின் முகத்தைப் பார்க்காமலிருக்க, கோயில் சுவரில் பல்லி ஒன்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிவம் அண்ணன் உழவு இயந்திரத்தில் தேடிப்போனார். பிறகு போன் அடித்தது.

"ஆளைக் கண்டுட்டன். வாய்க்கால் கரையில மருதமரத்துக்குக் கீழ படுத்துக்கிடக்கிறார்."

"மூச்சு இருக்கோ அண்ணன்?"

"ஏவறை இருக்கு."

ஏப்பம் விடுகிறவருக்கு மூச்சும் இருக்கத்தானே வேண்டும். மச்சாள் என் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, "உயிரோட இருக்கிறாரோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப வரட்டும், நான் பாத்துக்கொள்ளுறன்," என்றார்.

பூசை முடிந்து மணி அடிக்கும்போது உழவு இயந்திரம் மேட்டில் ஏறியது. அந்தப் பாதையிலேயே மிக அழகான ஏற்றம் அது. அண்ணைக்காகவே நான் கடைசியில் வைத்தது. அண்ணை அதை உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் இரண்டு நெல்மூட்டைகளுக்கு நடுவே சாய்ந்தபடி, குடாக்கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏறினார். சைக்கிள் பக்கத்தில் படுத்திருந்தது. மடியில் றமீஸா டீச்சர் கட்டிக்கொடுத்த வட்டிலப்பம், கையில் புக்கைக் கிண்ணம். சிவம் அண்ணனின் மனைவி வழியில் ஏற்றிவிட்டாராம்.

வானில் நாங்கள் கொண்டுவந்திருந்த அவருடைய நல்ல களிசான் இடுப்பில் பூட்டுப்படவில்லை. இறுக்கமான அரைக் களிசானோடு பீடத்தடிக்கு வரவும் ஏலாது. கடைசியில் சிவம் அண்ணன் தன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். (பயப்படவேண்டாம், உள்ளே நீளக் களிசான் போட்டிருந்தார்.) கட்டம்போட்ட சாரமும், மஞ்சளும் பச்சையுமாய் மின்னும் சைக்கிள் சட்டையுமாக அண்ணை மெழுகுதிரியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தீமையை விட்டுவிடுகிறீர்களா என்று சுவாமி கேட்டார். "விட்டுவிடுகிறேன்," என்று அண்ணை அடிவயிற்றிலிருந்து சொன்னார். எதை நினைத்துச் சொன்னார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் படம் எங்கள் விறாந்தையில் மாட்டியிருக்கிறது. வீட்டுக்கு யாராவது வந்து தண்ணீர் கேட்டால், ஜூட் குசினிப் பக்கம் திரும்பி, "சும்மா தண்ணியோ, பாதுகாப்பான தண்ணியோ எண்டு கேளும்," என்பார். விளங்காதவர்களுக்குப் படத்தைக் காட்டி முழுக் கதையும் சொல்வார். அதற்குள் நான் எப்படியும் நாலு தோசை சுட்டுவிடுவேன்.

ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. அந்த மூன்று வீடுகளும் இல்லாவிட்டால் அண்ணை வெயில் ஏறுமுன் கோயிலுக்கு வந்திருப்பார். அந்த மூன்று வீடுகளும் இல்லாமல் அவர் மருதமரத்தடியில் விழுந்திருந்தால், தேடிப்போக ஆள் இருந்திருக்காது. அந்த வீடுகள் இல்லாவிட்டால் அவர் விழுந்தேயிருக்கமாட்டார் என்கிறார் ஜூட். இந்த இடத்தில் எனக்கு எப்போதும் தலை சுற்றும்.

போன கிழமை அண்ணை செய்தி அனுப்பியிருந்தார். திரும்ப வருகிறாராம். இம்முறை சைக்கிள் ஓடுகிற கூட்டாளிகள் ஒரு குழுவாக. மூதூரில் தொடங்கி, தோப்பூர் தாண்டி, ஏற்றமுள்ள பக்கமாக ஒரு பாதை வேண்டுமாம். "முந்தின மாதிரியே நல்லாப் போட்டுத் தா தங்கச்சி," என்று எழுதியிருக்கிறார். அதைப் பகிடியாக எழுதினாரா, மனதாரத்தான் எழுதினாரா என்று இரண்டு நாளாக வாசித்துப் பார்க்கிறேன். இதற்கிடையில், தோப்பூரில் தனக்கு ஒரு மாமி இருக்கிறார் என்று றமீஸா டீச்சர் சொல்லிவிட்டார்.

வாசிக்கிற நீங்கள் யாராவது அந்தப் பக்கத்து வீதிகளை அறிந்தவராக இருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் குடியிருக்காத, ஆனால் விழுந்தால் ஓடிவந்து தூக்க ஆளிருக்கிற ஒரு வீதி வேண்டும். நீங்களே அந்த வீதியில் குடியிருந்தால், அதை மட்டும் சொல்லாதீர்கள்.