ஐயனின் முழங்காலும் நான் பெண் பார்த்த கதையும்

பெண் பார்க்கப் போகிற பையனுக்குத் தலைமுடியைப் பற்றிக் கவலை வரும், வேலையைப் பற்றிக் கவலை வரும். எனக்கு வந்த கவலை எங்க ஐயனுடைய முழங்காலைப் பற்றி. (கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் வீடுகளில் அப்பாவைத்தான் ஐயன் என்போம்.)

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் நடுவில் ஐயனுக்கு மூட்டுத் தேய்மானம் முற்றி, இரண்டு முழங்காலும் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டன. நேராக நின்றால் நடுவில் தேங்காய் உருட்டலாம். பொள்ளாச்சியில் ஒரு டாக்டரிடம் பஸ்ஸில் கூட்டிப்போனேன். அவர் முட்டியைத் தொடுவதற்கு முன் பாதத்தைத்தான் பார்த்தார். முட்டி வெளியே வளைந்தால் பாரமெல்லாம் மூட்டின் உள்பக்கத்திலேயே விழுந்து அங்கேதான் மேலும் தேயுமாம். பாதமோ தரையில் படிவதற்காக உள்பக்கம் சாய்ந்து தட்டையாகிவிடுமாம். குதிகாலின் வெளியோரத்தைச் சற்றே தூக்கிவிட்டுப் பார்க்கலாம் என்று, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்த தோல் துண்டைச் செருப்புக்குள் வைத்துத் தைக்கச் சொன்னார்.

ஐயனுக்கு நடை கொஞ்சம் சுலபமானது. எனக்குத்தான் நிம்மதி போயிற்று. இது பரம்பரையாக வருமா என்று டாக்டரிடம் கேட்காமல் வந்துவிட்டேன். அன்றிலிருந்து குளிக்கும்போதெல்லாம் என் முட்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் கோவிந்தாபுரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. போட்டோவிலேயே எனக்குப் பிடித்துவிட்டது. பிடித்ததும் பயம் இரட்டிப்பானது. ஐயன் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டுமே! கழற்றினால் வாத்து நடைதான். அதைப் பார்த்து, பையனுக்கும் நாளைக்கு இதே கதிதான் என்று அவர்கள் நினைத்துவிட்டால்?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். காலேஜ் என்.சி.சி.யில் போட்ட என் காக்கிக் காலுறையை ஐயனுக்கு மாட்டி, அதற்குள் இன்னொரு ஜோடித் தோல் துண்டைச் செருகினேன். (பங்குனி வெயில். வெள்ளை வேட்டி. கீழே காக்கிக் கம்பளிக் காலுறை. என் மூளையின் லட்சணம் இது.) ஐயன் தன் காலைக் குனிந்து பார்த்துவிட்டு, இதற்குக் காலே இல்லாமல் போகலாம் என்றார். அம்மா வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

பெண் வீட்டில் காவி போட்டு வழவழவென்று தேய்த்த சிமெண்டுத் தரை. அதில் கம்பளிக் காலுறை என்ன செய்யும் என்று நான் யோசித்திருக்கவில்லை. ஐயன் உள்ளே கால் வைத்ததுதான் தெரியும், சர்ரென்று வழுக்கி, கும்பிட்டபடி எதிரே வந்த பெண்ணின் அப்பாவைக் கட்டிப்பிடித்து, இருவருமாகக் கட்டிலில் போய் உட்கார்ந்தார்கள். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. ஆனால் ஒரு தோல் துண்டு காலுறையிலிருந்து வெளியே எட்டிப் பார்த்தது.

பெண்ணின் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார், "ஏனுங்ண்ணா, காலுல புண்ணு ஏதாச்சுங்களா?"

ஐயன் பதில் சொல்வதற்குள் நான் எழுந்துவிட்டேன். முட்டி வளைவு, பாதச் சாய்வு, குதிகால் ஓரம் என்று டாக்டர் சொன்னது முழுவதையும் ஒப்பித்தேன். சொல்லச் சொல்ல என் பீதிதான் கூடியது.

"இது பரம்பரை வியாதி இல்லீங்க. வேணும்னா எங்காலைப் பாருங்க" என்று சொல்லி, வேட்டியை முட்டிக்கு மேலே தூக்கிக் காட்டினேன்.

சரியாக அப்போதுதான் பெண் காப்பித் தட்டோடு வந்தாள்.

பெண்ணின் அம்மா என் கால்களையும் ஐயனையும் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்படியே அண்ணனாட்டவே இருக்குதுங்க."

திரும்பும் பஸ்ஸில் ஐயன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நானோ பதில் வரும்வரை தோட்டத்துக்குக்கூடப் போகாமல் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தேன்.

சம்மதம் என்று ஆள் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. கல்யாணத்துக்குப் பிறகுதான் அவள் சொன்னாள்: "அம்மா யோசிச்சாங்க. நாந்தான், காலு வளைஞ்சா வளைஞ்சுட்டுப் போகுது, என்னைய உட்டுருவமோன்னு இப்பிடிப் பயப்படற மனுசன் எவளுக்கும் கெடைக்க மாட்டாருன்னேன்."

மாமியார் மட்டும், எல்லாரும் பெண்ணைப் பார்க்க வருவார்கள், எங்கள் மாப்பிள்ளை காலைக் காட்ட வந்தார் என்று கடைசிவரை ஒரு விசேஷம் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் மகனுக்குப் பெண் பார்க்கப் போன அன்று காலையில், நான் உடுத்த வைத்திருந்த வேட்டியைக் காணோம். அதே இடத்தில் பேண்ட் இருந்தது. பெல்ட்டையும் இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொன்னாள் என் மனைவி.